பதினான்காவது கணக்கில் இருந்த பெண்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நான், அம்மா, அக்கா, அக்கா பெற்ற, பல் முளைத்துக் கடிக்கும் பிராணி எல்லோரும் சௌக்கியம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீ சௌக்கியமா என்று நான் கேட்பதும் "சூப்பரா இருக்கேன்பா" என்று நீ சொல்வதும் வழக்கம்தான், ஆனால் அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ள இந்த முறை எனக்கு மனமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை நானும் அம்மாவும் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டோம். பயப்படாதே, திட்டுவதற்காக எழுதவில்லை. நடுவில் கொஞ்சம் திட்டுவேன், ஆனால் அதற்காக எழுதவில்லை. ஃபோனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நீ "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று ஓர் இழுவை இழுப்பாய், நானும் உருகிப் போய் அங்கே மழையா வெயிலா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. காலை ரொட்டியெல்லாம் போய், அடுப்பு ஆறி, மாலை மாவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. மாவு மேஜையைத் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

நீ அனுப்பிய புத்தகம் வந்து மூன்று வாரமாகிறது. முதல் வருடம் சேரும் பிள்ளைகளுக்குப் பணக் கணக்கு சொல்லிக்கொடுக்க உன் பேராசிரியர் உன்னை எழுதச் சொன்னார், அச்சுக்குப் போவதற்கு முன்னால் கணக்கு வாத்தியார் அல்லாத ஒரு சாதாரண ஆள் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அனுப்பினாய். சாதாரண ஆள் என்று என்னைச் சொன்னதற்கு அம்மா இரண்டு நாள் சிரித்தாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் வாங்கிய மார்க்கை உன் தாத்தா யாரிடமும் சொல்லாமலே காலத்தை ஓட்டினார், அது உனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டு, தினமும் இந்த நேரத்தில் ஒரு கணக்கு என்று உட்கார்ந்தேன். அம்மா கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்து விடையைச் சொல்லிவிடுவாள், அவளைத் தடுப்பதுதான் பெரிய பாடு. ஐந்தாவது கணக்கு, முப்பது சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் இருபது சதவீதம் தள்ளுபடி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். நான் ஐம்பது என்று எழுதி முடிப்பதற்குள் அம்மா, "நூறு எழுபதாச்சு, எழுபதுல இருபது சதவீதம் பதினாலு, ஐம்பத்தாறு குடுக்கணும், அப்ப நாப்பத்தினாலுதான் தள்ளுபடி, போன வருஷம் அந்தச் செருப்புக் கடைக்காரன்கிட்ட இதுக்குத்தானே சண்டை போட்டேன்" என்கிறாள். அந்தச் சண்டைக்கு நானும் கூடப் போயிருந்தேன், எதற்குச் சண்டை என்று இப்போதுதான் புரிந்தது. இரண்டாவது கணக்கில் தினமும் வெளியே குடிக்கும் டீயை நிறுத்தினால் வருடத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. படிக்கிற பிள்ளை டீ குடிக்கட்டும், டீயோடு பன்னும் வாங்கட்டும், ஊரெல்லாம் நிறுத்தினால் நான் எங்கே போவது.

ஏழாவது கணக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது. கடன் வாங்கியவன் மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருகிறான், ஆனால் வட்டியை மட்டும் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே போடுகிறார்கள், அப்படியானால் உண்மையான வட்டி என்ன என்று ஒரு கணக்கு. நம் மாவு பிசையும் மெஷினுக்கு அப்படியே பொருந்துகிறது. பழைய மெஷின் உயிரை விட்டபோது கடன் கொடுப்பவர் வந்து, தொண்ணூறாயிரம், எட்டே எட்டு சதவீதம், இரண்டு வருடம் என்று சிரித்த முகமாகச் சொன்னார். இரண்டு வருட வட்டி 14,400, மொத்தம் 1,04,400, இருபத்து நாலு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 4,350, அதுதான் நம் தவணை. நீ சொல்லிக்கொடுத்த வழியில் போட்டுப் பார்த்தால் எட்டு இல்லை, கிட்டத்தட்ட பதினைந்து வருகிறது. பாதிக் கடன் அடைந்த பிறகும் முழுக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். நம் கடையில் மாவு பிசைகிற மீசையிடம் சொன்னேன் (அவர் மீசையை வழித்து மூன்று வருடமாகிறது, பெயர் மட்டும் போகவில்லை), அவர் நிதானமாக, "அண்ணே, அந்த ஆள் சிரிச்சப்பவே நான் நினைச்சேன்" என்கிறார். நினைத்ததை அன்றைக்கே சொல்லக்கூடாதா என்றால், கேட்கவில்லையே என்கிறார். இப்படித்தான் நம் கடையில் எல்லோரும் எல்லாவற்றையும் மனதிலேயே வைத்துக்கொள்கிறோம், நானும் அதற்கு விதிவிலக்கில்லை, அதற்குத்தான் வருகிறேன்.

போன வியாழக்கிழமை பதினான்காவது கணக்கு. நீ எழுதியதுதான், ஆனாலும் நான் படித்தது போலவே நீயும் ஒருமுறை படி. ஒரு மாணவி. அவளுடைய உதவித்தொகை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடுகிறது. ஆனாலும் வீட்டுக்கு மாதம் 4,350 அனுப்ப வேண்டும் என்று அவளே முடிவு செய்கிறாள். மாதம் பிறந்ததும் அதைக் கிரெடிட் கார்டில் கடனாக எடுத்து அனுப்புகிறாள். கார்டுக்கு மாதம் மூன்று சதவீதம் வட்டி. மாத முடிவில் வட்டியை மட்டும் கட்டுகிறாள், முதல் அப்படியே நிற்கிறது. பன்னிரண்டு மாதத்தில் அவள் கட்டிய வட்டி எவ்வளவு, பாக்கி எவ்வளவு, கார்டில் 60,000 வரைதான் எடுக்கலாம் என்றால் எந்த மாதம் அவளால் அனுப்ப முடியாமல் போகும். முதலில் 4,350 என்று பார்த்ததும் எனக்குச் சந்தோஷம், பார் இந்தக் கழுதை, அப்பாவின் தவணைத் தொகையைப் புத்தகத்தில் ஏற்றிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு கணக்கைப் போட்டேன், ரொட்டிக்காரன் போடுகிற மாதிரி போட்டேன். உனக்குத்தான் தெரியுமே, எங்கள் தொழிலில் மாவுதான் நூறு. தண்ணீர் அறுபது சதவீதம், உப்பு இரண்டு சதவீதம் என்றால் எல்லாம் மாவின் மேல், ஒரே ஒரு தடவை. மூன்று சதவீதம் என்று காதில் விழுந்தாலே என் கை உப்பு டப்பாவுக்குத்தான் போகும். பன்னிரண்டு நாலாயிரத்து முந்நூற்றைம்பது 52,200, அதில் மூன்று சதவீதம் 1,566, அவ்வளவுதான், உப்பளவு சமாசாரம், இதற்கு ஏன் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பின்னால் விடையைப் பார்த்தேன். 10,179 என்று இருந்தது. மகள் விடையைத் தப்பாகப் போட்டுவிட்டாள், அச்சுக்குப் போகும் முன் நான் கண்டுபிடித்தேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உனக்கு ஃபோன் செய்ய எடுத்தேன், அம்மாதான் பிடுங்கி வைத்தாள்.

பெரிய தட்டை எடுத்து வா என்றாள். மாலை பன்னுக்கு மீசை மாவை உருண்டை பிடித்து வைத்திருந்தார். அம்மா முதல் வரிசையில் ஒரு உருண்டை வைத்தாள், முதல் மாதம் ஒரு தவணைக்கு வட்டி, 130 ரூபாய் ஐம்பது காசு என்றாள். இரண்டாவது வரிசையில் இரண்டு, ஏனென்றால் இப்போது இரண்டு தவணை கடன் நிற்கிறது. மூன்றாவதில் மூன்று. நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டு போதாமல் இரண்டாவது தட்டுக்குப் போனாள், பன்னிரண்டாவது வரிசையில் பன்னிரண்டு உருண்டை. அந்தக் கடைசி வரிசை மட்டும்தான் என் 1,566. மற்ற பதினொரு வரிசையையும் நான் பார்க்கவே இல்லை. மாதம் என்று நீ எழுதியிருந்த சொல்லை என் கண் தாண்டிப் போய்விட்டது, அது மட்டுமில்லை, என் மாவு நூறு என்றால் நூறாகவே இருக்கும், இந்தக் கணக்கில் மாதாமாதம் மாவே ஏறிக்கொண்டு போகிறது. மொத்தம் எண்ணினோம், எழுபத்தெட்டு. எழுபத்தெட்டை 130 ரூபாய் ஐம்பது காசால் பெருக்கினால் 10,179. உன் விடை சரி. நான் தோற்றதை ஒப்புக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். அம்மா எழுந்திருக்கவில்லை. அந்த உருண்டைகளையே பார்த்துக்கொண்டு, "உதவித்தொகை சாப்பாட்டுக்குச் சரியாப் போகுதுன்னா, இந்த எழுபத்தெட்டையும் அந்தப் பொண்ணு எதைச் சாப்பிடாம கட்டினா" என்று கேட்டாள்.

நான் ஏதோ புத்தகக் கணக்குதானே என்று வாயைத் திறந்தேன். பிறகு புத்தகத்தை முன்னாலிருந்து ஒருமுறை புரட்டினேன். மற்ற எல்லாக் கணக்கிலும் ஐயாயிரம், பத்தாயிரம், அறுபதாயிரம் என்று முழு எண். இதில் மட்டும் நாலாயிரத்து முந்நூற்றைம்பது. மெஷின் வாங்கிய மாதத்திலிருந்து நீ தவறாமல் எங்களுக்கு அனுப்புகிற அதே நாலாயிரத்து முந்நூற்றைம்பது. டியூஷன் எடுக்கிறேன்பா, கையில் மிஞ்சுகிறது, தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாயே, அந்த டியூஷன் எத்தனை மாதம் இருந்தது, இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. விடுமுறைக்கு நீ வந்தபோது உன் இரண்டு பேன்ட்டையும் இடுப்பில் இரண்டு விரற்கடை உள்ளே பிடித்துத் தைத்ததை அம்மா அப்போதுதான் சொன்னாள். மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நீ சொன்னதை அவள் நம்பி, ஊறுகாய் கட்டிக் கொடுத்தாளாம். சாப்பாடே இல்லாதவளுக்கு ஊறுகாய் கட்டிக் கொடுத்தேனே என்று அழுதாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், நீ சோற்றையே மறைத்திருக்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று மாலை போட்ட பன் ஒன்றும் சரியாக வரவில்லை. உன்மேல் கோபம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் என்மேல்தான்.

ஏன் என்று சொல்கிறேன், இதைத்தான் ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வராது. குட்டி, உன் பணத்தில் ஒரு காசைக்கூட நான் தவணைக்குக் கட்டவில்லை. நம் ஊர் மாணவர் விடுதிக்குத் தினமும் இருநூறு பன் போகிறது, அந்த வரும்படியில் தவணை தன்னால் போய்க்கொண்டிருக்கிறது. நீ அனுப்பிய ஒவ்வொரு 4,350-ஐயும் அதே நாளில் வங்கியில் வைப்பாகப் போட்டேன், ஆறு சதவீத வட்டிக்கு. உன் படிப்பு முடிகிற அன்று மொத்தமாக உன் கையில் கொடுத்து உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை. வியாழக்கிழமை இரவு சொல்லித் திட்டு வாங்கும் வரை அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சரி, ஆசைப்பட்டதில் தப்பில்லை என்று வைத்துக்கொள். ஆனால் மாதாமாதம் பணம் வந்ததும் உனக்கு ஒரு செய்தி அனுப்புவேனே, "வந்துடுச்சு குட்டி, தவணை கட்டிட்டேன், நீ இல்லன்னா இந்நேரம் மெஷினைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க" என்று. உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படி எழுதினேன். அதைப் படித்துவிட்டு எந்தப் பெண்ணால் அனுப்புவதை நிறுத்த முடியும். நீ அங்கே மாதம் மூன்று சதவீதத்துக்கு வாங்கி அனுப்புகிறாய், நான் இங்கே அதையே மாதம் அரை சதவீதத்துக்குப் பூட்டி வைக்கிறேன், இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் சொன்ன பொய்க்கு வட்டியை நீ வயிற்றால் கட்டியிருக்கிறாய். பன்னிரண்டு மாதமாக. 

வெள்ளிக்கிழமை காலை முதல் சரக்கை இறக்கிவிட்டு நானும் அம்மாவும் வங்கிக்குப் போனோம். முழங்காலோடு நீ எதற்கு வருகிறாய் என்றேன், உங்களைத் தனியாக வங்கிக்கு அனுப்பிய லட்சணம்தான் தெரிகிறதே என்றாள். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண், காலம் முடிவதற்குள் எடுத்தால் வட்டியில் பாதி போய்விடும் சார், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று என் நல்லதுக்குத்தான் சொன்னாள். வட்டி 1,696 ரூபாய் ஐம்பது காசு நிற்கிறது, எடுத்தால் 848 தான் கிடைக்கும். எனக்கு அந்த எண்ணூற்றுச் சொச்சத்தை விட மனமில்லாமல் அரை நிமிடம் நின்றேன், பழக்கதோஷம். அம்மா அந்தப் பெண்ணிடம், இந்த எண்ணூறை மிச்சம் பிடிக்கக் காத்திருந்தால் மாதம் ஆயிரத்து ஐந்நூறு வேறு இடத்தில் போகிறது என்று விளக்கிச் சொன்னாள், அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, ஆன்ட்டி எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று ஓடுகிறது என்று ஆரம்பித்துவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். கடைசியில் 53,048 கைக்கு வந்தது, அன்றே உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். நீ பார்த்துவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை, கடிதம் வரட்டும் என்று அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அதில் 52,200 கார்டுக்கு. மீதி 848 உன் சாப்பாட்டுக்கு, ஒரு வேளைக்காவது நல்ல இடமாகப் போய் உட்கார்ந்து சாப்பிடு.

இனி நீ என்ன சொல்வாய் என்பது எனக்கு மனப்பாடம். அப்பா, அந்தப் பணத்தை வைத்து மெஷின் கடனை முடித்துவிடுங்கள், என் கார்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாய். மீசையும் அதைத்தான் சொன்னார், பாக்கித் தவணை பன்னிரண்டு, அதுவும் சரியாக 52,200 தான் வருகிறது, எடுத்துக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் அண்ணே என்றார். உன் புத்தகத்தில் பதினோராவது கணக்கைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு கடன் இருக்கிறது, கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, எதை முதலில் அடைப்பது. எது நம்மை வேகமாகத் தின்கிறதோ அதை, என்று நீயே எழுதியிருக்கிறாய். என் கடன் வருடத்துக்குப் பதினைந்து, உன் கடன் வருடத்துக்கு முப்பத்தாறு. ஆசிரியை எழுதிய புத்தகம் ஆசிரியைக்குப் பொருந்தாதா. கணக்குத் தெரியாதவன் கடனில் விழுந்தால் ஊர் பரிதாபப்படும், கணக்குத் தெரிந்தவள் தெரிந்தே விழுந்திருக்கிறாய், உன்னை என்ன செய்வது. ஒன்று மட்டும் என் மனதில் ஓடுகிறது, இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எண்ணை மாற்ற நீ மறந்துவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. எண் விஷயத்தில் நீ எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும், வாயால் சொல்ல முடியாமல் பதினான்காவது கணக்காக எழுதி அனுப்பியிருக்கிறாய். நான்தான் அதில் உப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நஷ்டம் எவ்வளவு என்றும் பார்த்தோம், பார்க்காமல் அம்மா விடவில்லை. நீ கட்டிய வட்டி 10,179, வைப்பில் எனக்கு வந்தது 848, கழித்தால் 9,331. யாரும் திருடவில்லை, கடையில் ஒரு ரொட்டி கருகவில்லை, ஒன்பதாயிரத்துச் சொச்சம் காற்றில் போயிற்று. அம்மா அதைக் கல்லா நோட்டில் "அப்பாவும் மகளும் வாயைத் திறக்காததற்கு" என்று செலவுப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். மனசு அடித்துக்கொண்டாலும் ஒன்று சொல்கிறேன், தலைக்கு மேல் போகவில்லை. கடன் அடைந்துவிடும், முதல் முழுசாக இருந்தது, நீ திடமாக இருக்கிறாய், அக்காகூடக் கேள்விப்பட்டுவிட்டு, நம் வீட்டில் நடந்த சண்டைகளிலேயே நியாயமான சண்டை இதுதான் என்றாள். இரண்டு நாளாக எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது, உண்மையாகத்தான்.

இதுவரை நம் வீட்டில் வரும்படி இவ்வளவு என்று பிள்ளைகளிடம் சொன்னதில்லை. என் அப்பா சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அந்தக் கவலை எதற்கு என்று இருந்தேன். சொல்லாமல் விட்டால் நீ அதைவிடப் பெரிய கவலையை நீயாகவே செய்துகொள்கிறாய். ஆகவே எழுதிக்கொள். போன மாதம் கடையில் மாவு, விறகு, கரண்ட், மீசை சம்பளம் எல்லாம் போக நின்றது 31,600. அதில் வாடகை 9,000, மெஷின் 4,350, வீட்டுச் சாமானுக்கும் அம்மாவின் முழங்கால் டாக்டருக்கும் 11,500. மிச்சம் 6,750. பெரிய பணக்காரர்கள் இல்லை, ஆனால் மெஷினை யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதுமில்லை. இனிமேல் ஒவ்வொரு மாதமும் இதே மாதிரி எழுதுகிறேன். நீயும் உன்னுடையதை எழுது, உதவித்தொகை எவ்வளவு, வாடகை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு. சாப்பாட்டு வரியில் குறைந்திருந்தால் அம்மா அடுத்த ரயிலில் ஏறிவிடுவாள், முழங்காலோடு. கையில் துண்டு விழுந்தால் எங்களிடம் கேள், கார்டிடம் கேட்காதே. அது மாதம் மூன்று சதவீதம் வாங்கும், நான் நாலு வார்த்தை திட்டுவேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டு வந்தேன். ஃபோனில் மணி அடித்தது. இன்று முதல் தேதி என்பதே எனக்கு ஞாபகமில்லை. உன்னிடமிருந்து 4,350 வரவு என்று வந்திருக்கிறது, பதின்மூன்றாவது. வெள்ளிக்கிழமை அவ்வளவு பணம் வந்து, எதற்கு என்று புரியாமல், அதைத் தொடாமல் வைத்துவிட்டு, தேதி தவறக்கூடாதென்று மறுபடியும் கார்டில் எடுத்திருக்கிறாய், இல்லையா. இதையும் எடுத்தாயிற்று என்றால் கார்டில் எடுக்க இன்னும் 3,450 தான் இருக்கும், அடுத்த மாதம் உன்னால் முடிந்திருக்காது. நீ என்ன சொல்லிச் சமாளித்திருப்பாயோ. அம்மாவிடம் காட்டினேன், அவள் முந்தானையால் ஃபோனில் இருந்த மாவைத் துடைத்துக் கொடுத்தாள். வழக்கமாக அனுப்புகிற செய்தியை இந்தத் தடவை நான் அனுப்பவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, என் விரலால் இரண்டே வரி எழுதினேன்: "வேண்டாம்மா. தவணையை அப்பாவே கட்டிடுறேன், எப்பவும் அப்பாதான் கட்டினேன்." நீ படித்துவிட்டாய் என்று காட்டுகிறது. பதிலுக்கு அவசரமில்லை, முதலில் போய்ச் சாப்பிடு.

உனக்கு ஒரு குறையும் வராது, வயிறும் மனசும் நிறைந்து நூறு வருஷம் நல்லபடியாக இரு என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். கார்டுக்குக் கட்டும்போது 52,200-ஓடு இன்று எடுத்த 4,350-ஐயும் சேர்த்து 56,550 கட்டு, பத்தாம் தேதிக்குள் கட்டு, கட்டிய ரசீதைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பு, என் ஃபோனை இனி அவள்தான் வைத்துக்கொள்ளப் போகிறாளாம்.

பன்னிரண்டு மாதமாகப் பொய் சொன்ன,
இனிமேல் சொல்லாத,
உன் அப்பா